கல்லாவை உடைத்தவன் யாருக்குப் பயப்படுவான்?

லிங்கராஜபுரத்துச் சிறு கடைக்காரருக்குக் கிடைக்கும் உபதேசம் ஒன்றே: கேமரா மாட்டு, பெரிய பூட்டாகப் போடு! 2025 நவம்பர் 19 அன்று இதே பெங்களூரில், துப்பாக்கிக் காவலோடு போன ஏ.டி.எம். பண வண்டியிலேயே 7.11 கோடி ரூபாய் பட்டப்பகலில் பறிபோனதே! ரிசர்வ் வங்கி அதிகாரிகள் என்று சொல்லித்தான் மடக்கினார்கள். கைதானவர்களில் ஒருவர் போலீஸ்காரர்!

பூட்டு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பிடிபடுவோம் என்ற பயம்தான் திருடனைத் தடுக்கும். புகாரே போகாத தெருவில் அந்தப் பயம் ஏது? 'கன்னடம் தெரியாது, நமக்கேன் வம்பு' என்று கொள்ளை போன பிறகும் நம்மவர்கள் வாய்மூடிக் கிடக்கிறோம். போனாலும் வெறும் மனு ரசீதோடு திரும்புகிறோம்.

தோழர்களே, எஃப்.ஐ.ஆர். கேளுங்கள்! நகல் இலவசம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம். வாயால் சொன்னாலும் எழுதி, படித்துக் காட்டுவது நிலைய அதிகாரியின் கடமை.