கடலில் நிற்கும் வாசல்

ஜப்பானுக்குக் குடும்பத்தோடு செல்லும் நம்மவர்களில் பலர் தோக்கியோ, கியோத்தோ, ஒசாக்கா ஆகிய மூன்று நகரங்களோடு பயணத்தை முடித்துக்கொள்கிறார்கள். இன்னும் ஒரு நாள் கைவசம் இருந்தால் மேற்கே ஹிரோஷிமா வரை போய் வாருங்கள். ஒசாக்காவிலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி நேரம், பிறகு படகில் பத்து நிமிடம். மியாஜிமா தீவு வந்துவிடும்.

இட்சுகுஷிமா என்பதே தீவின் பழைய பெயர். அங்குள்ள ஷிந்தோ ஆலயத்துக்கும் அதுவே பெயர். கி.பி. 593இல் முதன்முதலாகக் கட்டப்பட்டதாக ஆலய மரபு சொல்கிறது. இன்று நாம் காணும் அமைப்புக்கு வித்திட்டவர் தைரா நோ கியோமோரி. உள்கடல் வணிகத்தைக் கையில் வைத்திருந்த அந்தப் படைத்தலைவர் 1168இல் ஆலயத்தைப் பெரிதாக எடுத்துக் கட்டினார். அடுத்த 17 ஆண்டுகளில் அவருடைய குலமே கடற்போரில் அழிந்தது. ஆலயம் தீவிபத்துகளைக் கண்டு, மீண்டும் மீண்டும் கட்டப்பட்டு, அதே வடிவில் நிலைத்திருக்கிறது.

நிலம் இருக்கும்போது ஏன் கடலில் கட்ட வேண்டும்? தீவு முழுவதையுமே தெய்வமாகப் பார்த்தார்கள். அதன் மண்ணைத் தோண்டுவதும் மரத்தை வெட்டுவதும் தெய்வத்தின் உடலைக் காயப்படுத்துவதாகும் என்று நம்பினார்கள். அதனால் அலை ஏறி இறங்கும் கரையில் தூண்களை நிறுத்தி, மேலே மண்டபங்களை எழுப்பினார்கள். நாம் தீட்டு என்று சொல்வதைப் போன்ற ஓர் எண்ணமும் அங்கே இருந்தது. பிறப்பும் இறப்பும் தீவில் நிகழக்கூடாது என்று கர்ப்பிணிகளையும் நோயாளிகளையும் அக்கரைக்கு அனுப்பிவிடுவார்கள். இன்றும் தீவில் இடுகாடு கிடையாது.

தோரி நிற்கும் விதம்

படங்களில் பார்த்திருப்பீர்கள், கடலுக்குள் நிற்கும் அந்தச் சிவப்பு வாயிலை. அதற்குத் தோரி என்று பெயர். இப்போதுள்ள தோரி 1875இல் எழுப்பப்பட்டது. உயரம் ஏறக்குறைய 16 மீட்டர், எடை சுமார் 60 டன். இரண்டு பெரிய தூண்களும் கற்பூர மரத்தின் அடிமரங்கள். நம் பூசையறைக் கற்பூரம் ஆதியில் இந்த மர இனத்திலிருந்து எடுக்கப்பட்டதுதான். அந்த மரத்தைப் பூச்சியும் ஈரமும் எளிதில் அரிப்பதில்லை.

பிள்ளைகளை அழைத்துப் போனால் அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் தூண்கள் எவ்வளவு ஆழத்தில் புதைந்திருக்கும்? விடை, புதைக்கப்படவே இல்லை என்பதுதான். கடலடி மண்ணில் பைன் மரக் கட்டைகளை அடித்து இறுக்கி, அவற்றின் மேல் தூண்களை நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு பெரிய தூணுக்கும் முன்னும் பின்னும் இரண்டு துணைத் தூண்கள் உண்டு. மேல் உத்தரம் பெட்டி போன்றது. அதற்குள் டன் கணக்கில் கற்களை நிரப்பியிருக்கிறார்கள். அந்தப் பாரமே வாயிலை அழுத்திப் பிடித்திருக்கிறது.

ஆலயத் தளத்திலும் இப்படியொரு நுட்பம் உண்டு. பலகைகளுக்கு நடுவே வேண்டுமென்றே இடைவெளி விட்டிருக்கிறார்கள். பெரிய அலை வந்தால் நீர் அந்த இடுக்குகளின் வழியே மேலேறி வடிந்துவிடும், தளம் பெயராது. இருந்தாலும் 1991 சூறாவளி நோ நாடக மேடையைச் சாய்த்தது. 2004இலும் பலத்த சேதம். இரண்டு முறையும் பழுது பார்த்தார்கள்.

நமக்குத் தெரிந்த தெய்வம்

ஆலயத்தில் குடியிருப்பவர்கள் மூன்று சகோதரி தெய்வங்கள். அவர்களில் ஒருவரான இச்சிகிஷிமா ஹிமேயை ஜப்பானியர் பல நூற்றாண்டுகள் பென்சைதெனோடு ஒன்றாக்கி வணங்கினார்கள். பென்சைதென் வேறு யாருமல்ல, பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சீனா வழியே ஜப்பான் சேர்ந்த நம் சரஸ்வதிதான். அங்கே அவள் கையில் இருப்பது பிவா என்ற நரம்புக் கருவி.

1868இல் மெய்ஜி அரசு ஷிந்தோவையும் பௌத்தத்தையும் பிரிக்க ஆணையிட்டது. சேர்ந்தே வணங்கப்பட்டவர்கள் பிரிய வேண்டியதாயிற்று. பென்சைதென் அருகிலுள்ள தைகான்ஜி என்ற பௌத்தக் கோயிலுக்கு இடம் மாறினாள். பயணிகளில் பலர் தோரியைப் படமெடுத்துவிட்டு அந்தக் கோயிலைக் கடந்து போய்விடுகிறார்கள். நீங்கள் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைத்தெருவில் விற்கும் ஷமோஜி என்ற மரச் சோற்றகப்பையிலும் அவள் இருக்கிறாள். தீவு மக்கள் பிழைக்க ஒரு தொழில் வேண்டும் என்று நினைத்த துறவி ஒருவர், பென்சைதெனின் பிவா வடிவில் அகப்பை செய்யக் கற்றுக்கொடுத்தார் என்பது அங்கு வழங்கும் கதை.

போகுமுன் கவனிக்க

முதலில் கடல்மட்ட அட்டவணையை இணையத்தில் பாருங்கள். மட்டம் 250 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ஆலயம் மிதப்பது போலத் தெரியும். 100 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் தோரியின் அடிவரை நடந்தே போகலாம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே சுமார் ஆறு மணி நேரம். இரண்டையும் காண வேண்டுமானால் முழு நாளை ஒதுக்குங்கள். நடுவில் ரோப்வேயில் ஏறி 535 மீட்டர் உயர மிசென் மலைக்குப் போய் வரலாம். அங்கே ஒரு சிறு மண்டபத்தில் கூக்காய் துறவி ஏற்றியதாகச் சொல்லப்படும் அணையா நெருப்பு எரிகிறது. ஹிரோஷிமா அமைதிப் பூங்காவின் சுடருக்கும் இந்த நெருப்பு பயன்பட்டது.

சைவ உணவுக்காரர்கள் கையில் ஏதாவது கொண்டு போவது நல்லது. சிப்பியும் விலாங்கு மீனும்தான் அங்கே பிரபலம். மேப்பிள் இலை வடிவ மொமிஜி மஞ்சு இனிப்பிலும் முட்டை உண்டு. மான்கள் பக்கத்தில் வந்து முகரும், உணவு கொடுக்காதீர்கள். 2023 அக்டோபர் முதல் தீவுக்கு வருவோரிடம் தலைக்கு 100 யென் வரி வாங்குகிறார்கள்.

கடைசியாக ஒன்று. நீர் வற்றியபோது தோரிக்கு அருகே போகும் சிலர், வேண்டுதல் என்று மர வெடிப்புகளில் நாணயங்களைச் செருகுகிறார்கள். அந்த நாணயங்கள் மரத்தைக் கெடுக்கின்றன. 2019இல் தொடங்கிய தோரிச் சீரமைப்பு முடிய மூன்றரை ஆண்டுகள் ஆயின. காணிக்கை செலுத்த ஆலயத்தில் உண்டியல் இருக்கிறது. தோரியின் முன்னே தலை தாழ்த்தி வணங்கினால் போதும், அங்குள்ளவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.