நிறுத்தினால் போதுமா?

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் பழவேற்காடு, காட்டூர் வட்டாரத்து மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்பார்கள். வலை காயும், அன்றைய வருமானமும் காயும்.

2023 அக்டோபர் 21. ககன்யான் சோதனை ராக்கெட் காலை 8 மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். வானிலையால் 8.45 ஆயிற்று. கடைசி 5 செகண்டில் கம்ப்யூட்டரே 'நில்' என்றுவிட்டது! கோளாறைக் கண்டுபிடித்து, சரி செய்து, 10 மணிக்கு அனுப்பினார்கள்.

சாஃப்ட்வேர் ஆசாமிகளுக்கும் தினம் ராத்திரி இதே பிழைப்புதான். புது புரோகிராமைக் கம்ப்யூட்டரே தயாரித்து, பழையதன் மேல் காப்பி செய்யும். 'பில்ட்' என்பார்கள். ஆனால் ஓடிக் கொண்டிருக்கும் புரோகிராமின் ஃபைலை மாற்ற விண்டோஸ் விடாது. ஓடுகிற பஸ்ஸுக்கு டயர் மாற்ற முடியுமா, என்ன? ஆகவே சர்வீஸை நிறுத்து, காப்பி செய், மறுபடி ஓட்டு.

இங்கேதான் விஷமம். 'எஸ்சி ஸ்டாப்' என்ற கட்டளை, நிற்கச் சொன்னதோடு சரி. நின்றதா என்று பார்க்காது. கல்யாணப் பத்திரிகையை வாசலில் போட்டுவிட்டு ஓடும் உறவுக்காரர் மாதிரி! 'நெட் ஸ்டாப்' பொறுப்பானது, காத்திருந்து பார்க்கும்.

இன்னொரு வம்பு: காப்பி பாதியில் தோற்றால் பில்ட் அங்கேயே படுத்துவிடும். 'மறுபடி ஓட்டு' என்ற வரி வரவே வராது. காலையில் சம்பளப் பட்டியல் போட வந்த கிளார்க் திருதிருவென்று விழிப்பார். ஆகவே, பில்ட் ஜெயித்தாலும் தோற்றாலும் அந்தக் கடைசி வரி ஓடியே தீர வேண்டும்; தோற்றால் பழைய ஃபைலோடாவது.

நிறுத்துவது சுலபம் ஸார். மறுபடி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன்தான் வேலைக்காரன். கரையில் காத்திருப்பவருக்கு அதன் அருமை தெரியும்!