மூளையைச் சுற்றிய நாட்பட்ட இரத்தத் தேக்கம்: புதிய சிகிச்சைக்காக அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

தலையில் அடிபட்டுச் சில வாரங்கள் கழித்து முதியவர் ஒருவருக்கு நடையில் தள்ளாட்டம், மறதி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, தீராத தலைவலி ஆகியவை தோன்றினால், அவற்றை முதுமையின் இயல்பு என்று விட்டுவிடாதீர்கள். மூளைக்கும் அதன் தடித்த வெளியுறைக்கும் இடையே இரத்தம் சிறிது சிறிதாகத் தேங்கி மூளையை அழுத்திக்கொண்டிருக்கலாம். பட்ட அடி நினைவில் இல்லாத அளவுக்கு இலேசானதாகவும் இருக்கலாம். சி.டி. ஸ்கேன் மூலம் இதனைக் கண்டறியலாம்.

புதிய சிகிச்சை என்பது என்ன?

தேங்கிய இரத்தத்தைச் சுற்றி ஒரு சவ்வு உருவாகிறது. அதிலுள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் மீண்டும் மீண்டும் கசிவதால் தேக்கம் பெருகுகிறது. அக்குழாய்களுக்கு இரத்தம் அளிக்கும் மூளையுறைத் தமனியை, நுண்குழாய் செலுத்தி அடைப்பதே எம்போலைசேஷன் எனப்படும் புதிய முறையாகும்.

2024 நவம்பரில் இதுபற்றிய ஆய்வு முடிவுகள் வெளியாயின. அமெரிக்காவில் 400 பேரிடம் நடந்த ஆய்வில், அறுவை சிகிச்சை மட்டும் பெற்றோருள் 11.3 சதவீதத்தினருக்கு 90 நாள்களுக்குள் மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. தமனி அடைப்பும் சேர்த்துப் பெற்றோருள் இது 4.1 சதவீதமே. எனினும், சீனாவில் 722 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில் இத்தகைய தெளிவான வேறுபாடு உறுதிப்படவில்லை.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்க ஆய்வில் இரு பிரிவினருக்கும் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. தமனி அடைப்பு இனிவரும் கசிவைக் குறைக்கலாம். ஏற்கெனவே தேங்கிய இரத்தத்தை உடனே அகற்றாது. அது கரைவதற்கு வாரக்கணக்கில் ஆகும். கை கால் தளர்ந்தவரும் நினைவு மங்கியவரும் அவ்வளவு காலம் காத்திருக்க இயலாது.

வடித்தெடுக்கும் அறுவை சிகிச்சை

மண்டையோட்டில் ஓரிரு சிறு துளைகள் இட்டு, இரத்தத்தைக் கழுவி அகற்றி, ஓரிரு நாள்களுக்கு வடிகுழாய் பொருத்துவர். 2009இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வின்படி, வடிகுழாய் பொருத்தாதவர்களுள் 24 சதவீதத்தினருக்கும், பொருத்தியவர்களுள் 9.3 சதவீதத்தினருக்கும் தேக்கம் திரும்பியது.

மாத்திரையால் கரைத்துவிடலாம் என்று நம்பி நாள் கடத்த வேண்டா. 2020இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், டெக்சாமெத்தசோன் எடுத்தவர்களுள் 83.9 சதவீதத்தினரே ஆறு மாதங்களுக்குப் பின் நல்ல நிலையில் இருந்தனர். போலி மருந்து எடுத்தவர்களுள் இது 90.3 சதவீதம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• அறிகுறியற்ற சிறு தேக்கத்தை ஸ்கேன் மூலம் கண்காணித்தாலே போதுமா என்பதை நரம்பியல் அறுவை மருத்துவர் முடிவு செய்வார்.
• மூளை அழுத்தப்படுகிறது என்று அவர் கூறினால், வேறு சிகிச்சையைத் தேடி அறுவை சிகிச்சையைத் தாமதப்படுத்தாதீர்கள். தமனி அடைப்பும் பயன்படுமா என்று அவரிடமே கேளுங்கள்.
• ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்துகளை உட்கொண்டால் முன்கூட்டியே தெரிவியுங்கள். அவற்றை நீங்களாக நிறுத்தவோ மீண்டும் தொடங்கவோ கூடாது.
• வீடு திரும்பிய பின்னரும் குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு, மிகுந்த தூக்கக் கலக்கம் ஆகியவை தோன்றினால், உடனே 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.