ஊதா நிறத் தடத்தில் ஆலய தரிசனம்

பிரதோஷமும் கிருத்திகையும் ஏகாதசியும் விடுமுறை நாள் பார்த்து வருவதில்லை. மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ சில மாதங்கள் தங்கச் சிங்கப்பூர் செல்லும் பெற்றோர் முதலில் உணரும் குறை இதுவே. வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. பேரக் குழந்தைகளின் பேச்சுக்கும் குறைவில்லை. ஆயினும் காலையில் எல்லோரும் பணிக்கும் பள்ளிக்கும் புறப்பட்டுவிட்டால், பத்தாவது மாடியில் தனித்திருக்கும் தாய்க்கு மாலை வரை சுவரில் தொங்கும் நாட்காட்டியே துணை. "ஞாயிற்றுக்கிழமை காரில் அழைத்துப் போகிறேன், அம்மா" என்று மகன் அன்போடுதான் சொல்கிறான். ஊரில் நாள் தவறாமல் கோபுர வாசலை மிதித்தவருக்கு, பிறர் ஒழிவு பார்த்துக் காத்திருந்து செய்யும் தரிசனம் மனத்தை நிறைப்பதில்லை. கேட்கவும் கூச்சம், கேளாதிருக்கவும் இயலவில்லை.

இக்குறையைத் தீர்க்கும் வழி பெரும்பாலும் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. சிங்கப்பூர்த் தமிழர் 'பெருவிரைவு ரயில்' என்று அழைக்கும் நகர ரயில் 1987-ஆம் ஆண்டு நவம்பரில் ஓடத் தொடங்கியது. இன்று அதற்கு ஆறு தடங்கள். தடத்திற்கு ஒரு நிறம். ஆறையும் மனப்பாடம் செய்ய முயல்வதால்தான் முதியோர் அஞ்சிப் பின்வாங்குகின்றனர். ஆலயம் செல்வோருக்கு ஊதா நிறத் தடம் ஒன்று தெரிந்தால் போதும். முருகனைக் காண விரும்பினால் நீல நிறத் தடத்தில் ஒரே ஒரு நிலையம்.

நிலையப் பெயர்களுள் மலாயும் ஆங்கிலமும் கலந்து வரும். வாயில் நுழையாதவையும் உண்டு. அவற்றை நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நிலையத்திற்கும் தட எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு உண்டு. ஊதாத் தடத்தின் எழுத்து 'என்.இ.' ஆகும். ஹார்பர்ஃபிரண்ட் ஒன்றாம் எண். அங்கிருந்து பொங்கோல் திசையில் எண்கள் ஏறிக்கொண்டே போகும். ஃபேரர் பார்க் எட்டு, லிட்டில் இந்தியா ஏழு, சைனாடவுன் நான்கு. இருக்கும் எண்ணையும் செல்லும் எண்ணையும் ஒப்பிட்டாலே எந்தத் திசை வண்டியில் ஏறுவது என்பது விளங்கிவிடும். ஒரு துண்டுத் தாளில் அந்த எண்ணை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. தமிழ் அந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்று எனினும், நிலைய ஊழியர் தமிழறிந்தவராக இருப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. எண்ணைக் காட்டினால் யாரும் வழி சொல்வர்.

எட்டாம் எண்ணில் இறங்கினால் சிராங்கூன் சாலையில் ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் சிறிது நடையில் இருக்கிறது. ஏழாம் எண்ணில் இறங்கி அதே சாலைக்கு வந்தால் வீரமாகாளியம்மன். இவ்விடத்தில் அக்காலத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தமையால் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்றே பழைய தமிழர் இதனை வழங்கினர். 'கம்பம்' என்பது ஊரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லாகிய 'கம்போங்' நம்மவர் நாவில் உருமாறியதாகும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது மக்கள் தஞ்சம் புகுந்த சந்நிதி இது.

நான்காம் எண் சைனாடவுன். சீனர் கடைத்தெருவில் அம்மனுக்கு என்ன இடம் என்று ஐயுற வேண்டாம். 'ஏ' என்னும் வாயில் வழியாக மேலே வந்தால் பகோடா தெரு. அத்தெருவுக்கு அப்பெயர் வரக் காரணமே மறுமுனையில் நிற்கும் மாரியம்மன் கோபுரந்தான். 1819-இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827-இல் இக்கோயிலை எழுப்பினார். முதலில் மரமும் கீற்றுமாக நின்றது, பின்னரே கற்கட்டடமாயிற்று. சிங்கப்பூரின் மிகப் பழைய இந்து ஆலயம் இதுவே. தீபாவளியை ஒட்டி இங்குத் தீமிதி நடைபெறும்.

சைனாடவுன் நிலையத்திலேயே நீலத் தடத்திற்கு மாறி ஒரு நிலையம் சென்றால் ஃபோர்ட் கேனிங். அங்கிருந்து நடந்து டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணியைச் சேவிக்கலாம். 1859-இல் நகரத்தார் எழுப்பிய ஆலயம் ஆதலால், 'செட்டியார் கோயில்' என்றால்தான் பலருக்கும் தெரியும்.

இனிப் பயண முறை. வாயிலில் அட்டையைத் தொட்டு உள்ளே சென்று, இறங்கும் இடத்தில் அதே அட்டையைத் தொட்டு வெளியேற வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே அட்டையில் செல்ல இயலாது. ஆளுக்கு ஒன்று வேண்டும். முதியோர் கட்டணச் சலுகை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது, விருந்தினருக்கு இல்லை. ஊதாத் தடம் முழுவதும் பூமிக்கடியில், ஓட்டுநர் இன்றியே ஓடுகிறது. இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் திகைப்பு இராது.

மின்படிக்கட்டுகள் நீளமானவை, நம் ஊரில் பழகியதைவிட வேகமாகவும் தோன்றும். சேலைக் கொசுவமும் வேட்டிக் கரையும் தரையைத் தொடும் உயரத்தில் இருந்தால் அவற்றில் ஏறாதிருப்பதே நலம். எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி உண்டு. அதைத் தேடிச் சிறிது நடப்பதில் குறைவொன்றும் இல்லை. கதவு மூடும் ஒலி கேட்டதும் ஓடி ஏறும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவர வேண்டும். சில நிமிடங்களில் அடுத்த வண்டி வந்துவிடும். இருவர் செல்லும்போது ஒருவர் ஏறி மற்றவர் மேடையிலேயே நின்றுவிட்டால், ஏறியவர் அடுத்த நிலையத்தில் இறங்கி நிற்பதென்றும், நின்றவர் அடுத்த வண்டியில் வந்து சேர்வதென்றும் வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டால் கலக்கம் இல்லை.

பிரசாத விஷயத்தில் பலர் இடர்ப்படுகின்றனர். வண்டியிலும் நிலையத்திலும் உண்பதும் பருகுவதும் குற்றம். அபராதம் 500 வெள்ளி வரை விதிக்கப்படலாம். தண்ணீருக்கும் விலக்கு இல்லை. புளியோதரைத் தொன்னையைக் கையில் ஏந்தியபடி நிலையத்தினுள் செல்லாமல், கோயிலிலேயே உண்டுவிட்டு, வீட்டாருக்கு உரியதை மூடிய டப்பாவில் எடுத்துச் செல்க. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மாத்திரையையும் சிற்றுண்டியையும் ரயில் ஏறுமுன் முடித்துக்கொள்வது அவசியம்.

நாழிகைக் கணக்கிலும் கவனம் வேண்டும். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்திற்கு இரண்டரை மணி முற்பட்டது. ஊரிலிருந்து கொண்டுசென்ற பஞ்சாங்கத்தில் திதி தொடங்கும் நேரத்தோடு அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். சூரிய அஸ்தமனமோ அங்கு ஆண்டு முழுவதும் மாலை 7 மணியை ஒட்டியே அமைகிறது. ஆதலால் பிரதோஷ பூஜை நேரத்தைக் கோயிலில் கேட்டறிவதே சரி. அது அலுவலகம் விட்டுத் திரும்புவோர் நெருக்கியடிக்கும் வேளை. 5 மணிக்கு முன்பே சென்றுவிட்டு, கூட்டம் தணிந்தபின் 8 மணிக்குமேல் திரும்பினால் கதவருகே முதியோருக்கென ஒதுக்கிய இருக்கை கிடைப்பது எளிது. நண்பகலில் நடை சாத்தும் கோயில்கள் உண்டென்பதையும் மறக்கலாகாது.

தைப்பூசத்தன்றுதான் இத்தடத்தின் அருமை முழுதும் தெரியும். அந்நாள் அங்குப் பொது விடுமுறை அன்று. 1968-க்குப் பின் அவ்விடுமுறை இல்லாமற் போயிற்று. எனினும் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை பால்குடங்களும் காவடிகளும் சாலையை நிறைத்துச் செல்கின்றன. மகன் காவடி எடுக்கிறான். உடன் நடக்கத் தாயின் முழங்கால் இடந்தரவில்லை. பெருமாள் சந்நிதியில் அவனுக்குத் திருநீறு இட்டு அனுப்பிவிட்டு, அவள் எட்டாம் எண்ணில் ரயில் ஏறுகிறாள். நான்காம் எண்ணில் இறங்கி, நீலத் தடத்திற்கு மாறி, ஃபோர்ட் கேனிங்கில் வெளியேறி நடந்தால், காவடி வந்து சேர்வதற்கு நெடுநேரம் முன்பே தெண்டாயுதபாணி கோயில் வாசலில் அவனுக்காக நின்றிருக்கலாம்.