மெஷினுக்கு நிறம் ஏது?

“கம்ப்யூட்டருக்கு ஏதுங்க நிறம்? அது கணக்கு மட்டுந்தானே போடுது” என்கிறவர்கள் நம் கூட்டங்களுக்கும் வருகிறார்கள். படித்தவர்கள், நல்லவர்களுந்தான். அவர்களோடு கொஞ்சம் பேசணும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர் பிழைப்பாரா மாட்டாரா என்று மதிப்பெண் போடுவது புதுசல்ல. 1981இல் அமெரிக்காவில் ‘அப்பாச்சி’ என்ற அளவீடு வந்தது. (எழுத்துச் சுருக்கம்தான். ஆனாலும் வேட்டையாடப்பட்ட ஒரு பூர்வகுடியின் பெயர் அது.) 1985இல் வந்த அதன் இரண்டாம் வடிவம் நாடி, ரத்த அழுத்தம் என 12 அளவுகளோடு வயதையும் பழைய நோயையும் சேர்த்து 71 வரை மதிப்பெண் போட்டது. ஏற ஏற சாவு பக்கத்தில்.

இப்போது அந்த வேலைக்கு மெஷினைப் பழக்குகிறார்கள். பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் 2001 முதல் 2012 வரை தீவிர சிகிச்சை பெற்ற 40,000 பேருக்கும் மேலானவர்களின் பதிவுகள் ‘மிமிக்-3’ என்ற பெயரில் ஆராய்ச்சியாளர்கள் கையில் இருக்கின்றன. அதில் பெரும்பாலோர் வெள்ளையர்.

எண்ணிக்கையை விடுங்கள். எண்ணே பொய்யாக இருந்தால்? விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி தோல் வழியே ஒளியைப் பாய்ச்சி அளக்கிறது. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் அதை ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டார்கள். கருவி 92 முதல் 96 சதவீதம் காட்டியபோது, உண்மையில் 88க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பரில் 11.7 சதவீதம். மூச்சு முட்டிக் கிடக்கிறவரைப் பார்த்து ‘நல்லாத்தான் இருக்காரு’ என்கிறது கருவி. அந்தப் பொய்யைத்தான் மெஷினும் வாங்கிக்கொள்கிறது. அதற்கு நிறம் தெரியாது, வாஸ்தவம். தெரியாததுதான் வம்பு.

இன்னொன்று. நிமோனியா நோயாளிகளில் யார் சாவார் என்று கணிக்க 1990களில் ஒரு கம்ப்யூட்டரைப் பழக்கினார்கள். ஆஸ்துமா இருந்தால் ஆபத்து குறைவு என்று கற்றுக்கொண்டது! காரணம் என்ன? ஆஸ்துமாக்காரர்களை நேரே தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோய் விழுந்து விழுந்து கவனித்தார்கள், பிழைத்தார்கள். கவனிப்பு பதிவில் இல்லை, பிழைத்தது மட்டும் இருந்தது. நல்லவேளை, கண்டுபிடித்து அதைப் பயன்படுத்தாமல் விட்டார்கள்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க தோழர்களே. கவனிக்க ஆளில்லாமல் செத்தவர் பதிவில் எப்படி இருப்பார்? ‘இந்த மாதிரி ஆள் செத்துப்போவான்’ என்றுதானே மெஷின் படிக்கும்? அடுத்து அதே மாதிரி ஒருவர் வரும்போது, பிழைக்க மாட்டார் என்று அது சொல்ல, வென்டிலேட்டர் வேறு படுக்கைக்குப் போகும். அவர் சாவார். கணிப்பு பலித்துவிட்டது என்பார்கள்.

மருத்துவமும் கணினியும் படிக்கிற மாணவத் தோழர்கள் நம்மில் இருக்கிறீர்கள். இப்படி ஒரு கருவியை உங்கள் முன் கொண்டுவந்து வைத்தால், எத்தனை சதவீதம் சரியாகச் சொல்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். யாருடைய உடம்பை வைத்துப் பழக்கினாய், யாருக்குத் தப்பாகச் சொல்கிறது, அந்தத் தப்புக்கு யார் கையெழுத்துப் போடுவார் என்று கேளுங்கள்.