ஜிம்முக்கு வந்த ஆபரேஷன் ஊசி: மெபென்டர்மின் என்ன செய்யும்?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் விடிகாலையில் ஓடிப் பழகும் இளைஞர்கள் பலருக்குக் காக்கிச் சட்டைதான் கனவு. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். இப்படி உடம்பைத் தயார் செய்பவர்களிடம், ‘ஒரு ஊசி போட்டா போதும், சோர்வே தெரியாது’ என்று யாராவது சொன்னால் ஆசை வரத்தான் செய்யும். புனேயில் ஜிம் செல்வோரைக் குறிவைத்து விற்கப்பட்ட மெபென்டர்மின் ஊசிகளைப் போலீஸார் பறிமுதல் செய்திருக்கிறார்கள். நம்ம ஊருக்கு வராது என்று இருந்துவிட முடியாது.

எதற்கான மருந்து?

சிசேரியன் போன்ற அறுவை சிகிச்சைக்காக முதுகில் மயக்க ஊசி போடும்போது சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். அதை உயர்த்த, சில மில்லிகிராம் மெபென்டர்மினை மயக்கவியல் டாக்டர் கொடுப்பார். நோயாளியின் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அப்போது கண்காணிப்பில் இருக்கும்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

நரம்பு நுனிகளில் நார்எபிநெஃப்ரின் என்ற ரசாயனம் சேமிப்பில் இருக்கும். ஆபத்து நேரத்தில் உடல் அதை அளவாக வெளியிடும். ஆம்பெடமைன் குடும்பத்தைச் சேர்ந்த மெபென்டர்மின் அந்தச் சேமிப்பை மொத்தமாக வெளியே தள்ளுகிறது. ரத்தக் குழாய் சுருங்கும், இதயம் வேகமாக அடிக்கும், மூளையில் விழிப்பு கூடும். ஆக, இது புதிதாக எந்தச் சக்தியையும் தருவதில்லை. உடலின் கையிருப்பை எடுத்துச் செலவழிக்கிறது, அவ்வளவுதான்.

கையிருப்பு குறையக் குறைய, அதே டோஸ் வேலை செய்யாது. உடனே டோஸை ஏற்றுவார்கள். பிறகு தூக்கமின்மை, படபடப்பு, காரணமில்லாத சந்தேகம், காதில் குரல் கேட்பது என்று போகும். ஏற்கெனவே பயிற்சியில் வேகமாகத் துடிக்கும் இதயத்தை இந்த மருந்தும் விரட்டினால் துடிப்பு தாறுமாறாகலாம், உயிரே போகலாம். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைத் தொற்று ஆபத்தும் சேரும். போட்டிக் காலத்தில் விளையாட்டு வீரர்களுக்குத் தடைசெய்யப்பட்ட மருந்தும்கூட.

யார் தடுக்க வேண்டும்?

டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது. ஆனால், பிடிபட்ட இளைஞர் மீது மட்டும் வழக்குப் போட்டால் போதாது. ஊசி எந்த மொத்த விற்பனையாளரிடமிருந்து, எந்த பில்லில் வெளியே வந்தது என்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தேடிப் பிடிக்க வேண்டும். ஆன்லைன் விற்பனையையும் கண்காணிக்க வேண்டும். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்குள்ள டாக்டர்கள் ஜிம் பயிற்சியாளர்களிடமும் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களிடமும் நேரில் பேசினால் நல்ல பலன் கிடைக்கும்.

பழக்கத்தில் சிக்கியவர் குற்றவாளி அல்ல, சிகிச்சை தேவைப்படுபவர். 104 அல்லது 14416 எண்ணில் பேசலாம். நெஞ்சுவலி, மயக்கம் என்றால் உடனே 108. என்ன ஊசி போட்டார் என்பதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது.