உடற்பயிற்சிக்குத் தமிழ்த் தாளம்!

பெருநகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் இற்றை நாளில் உடற்பயிற்சிக் கூடங்கள் பெருகியுள்ளன. இளைஞர் உடலோம்பத் தலைப்பட்டமை பாராட்டத் தக்கதே. ஆனால், அக்கூடங்களுள் ஒன்றன் வாயிலில் சிறிது நேரம் நின்று கேளுங்கள்! உள்ளே இடியென முழங்கும் பாட்டு ஆங்கிலமாயிருக்கும், இன்றேல் இந்தியாயிருக்கும், அதுவுமன்றேல், தமிழ்போல் தொடங்கி ஆங்கிலச் சொற்களாலேயே நிரம்பி வழியும் திரைப்பாட்டாயிருக்கும். எடை தூக்கும் தோள் தமிழன் தோள். அத்தோளை ஏவும் குரல் மட்டும் யாருடையதோ!

"பயிற்சிக்குத் தாளம் போதும், தாளத்திற்கு மொழி ஏது? இதிலுமா உங்கள் தனித்தமிழ்?" என்று நகைப்பார் உளர். அவர் கூற்றில் பாதி உண்மை உண்டு. அப்பாதியை முதற்கண் ஒப்புக்கொண்டு மேற்செல்வோம்.

லெனார்டு அயர்சு என்னும் அமெரிக்கர், ஆறுநாள் மிதிவண்டிப் போட்டியொன்றை ஆராய்ந்து 1911-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இசைக்குழு முழங்கிய பொழுதுகளில் மிதிவண்டியர் மணிக்கு 19.6 மைல் விரைவிலும், முழங்காத பொழுதுகளில் 17.9 மைல் விரைவிலும் சென்றனர் என்பது அவர் கண்ட கணக்கு. (காண வந்தோரின் ஆரவாரமும் அவ்விரைவில் கலந்திருக்கக் கூடும் என்பது எம் எண்ணம்.) 1998-இல் எத்தியோப்பிய ஓட்டக்காரர் ஐலே கெபர்செலாசி, இங்கிலாந்தின் பிர்மிங்காம் நகர உள்ளரங்கில் 'இசுகேட்மேன்' என்னும் பாட்டை ஒலிக்கச் செய்து, 2,000 மீட்டரை 4 மணித்துளி 52.86 நொடியில் ஓடி, அதுவரை எவரும் எட்டாத விரைவை எட்டினார். அப்பாட்டு அவர் தாய்மொழிப் பாட்டன்று. அதன் பெரும்பகுதி பொருளற்ற அசைகளே! ஆகவே, காலை இயக்குவது தாளம் என்பதில் எமக்கு மறுப்பில்லை.

இத்துறையில் நெடுங்காலம் உழைத்துவரும் புரூனல் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோசுடாசு கராகியார்கிசும் அவர்தம் குழுவினரும் காட்டியவை பல. மணித்துளிக்கு 120 முதல் 140 வரை தட்டுள்ள இசை பெரும்பாலான பயிற்சிகட்குப் பொருந்தும். அடியும் தட்டும் ஒன்றும்போது ஆற்றல் வீணாகாது. அயர்வும் குறைவாகவே தோன்றும். 2020-இல் வெளிவந்த தொகுப்பாய்வொன்று 139 ஆய்வுகளை ஒருங்கு திரட்டி, இசையால் பயிற்சி இனிதாவதையும், செயல் சிறப்பதையும், களைப்புணர்வு தணிவதையும் உறுதி செய்தது. இதற்கோர் எல்லையும் உண்டு. முழு மூச்சையும் கூட்டி ஓடுங்கால், நுரையீரலும் தசையும் எழுப்பும் ஓலம் மூளையை நிறைத்துவிடும்; அந்நிலையில் எவ்விசையும் களைப்பை மறைக்கவியலாது. நடை, மெல்லோட்டம், அளவான எடைப்பயிற்சி ஆகியவற்றிலேயே அதன் பயன் மிகுதி.

இவை மேலைநாட்டார் அளந்து கண்டவை. அளந்து எண்ணாற் காட்டிய பெருமை அவர்க்கே உரியது. அதை நாம் பறித்துக்கொள்ள வேண்டுவதில்லை. ஆயின், உழைக்கும் உடலுக்குப் பாட்டைப் பொருத்திய பட்டறிவு நம் உழவரிடம் நெடுங்காலமாக இருந்தது.

ஏற்றத்தை எண்ணிப் பாருங்கள். துலாவின்மீது ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். அவர் நடைக்கேற்பச் சால் கிணற்றுள் இறங்கும், நிறைந்து ஏறும். கீழே நிற்பவர் அதைப் பற்றிக் கவிழ்ப்பார். மேலவர் அடியும் கீழவர் கையும் ஒரு நொடி பிசகினும் நீரும் வீண், உயிர்க்கும் இடர். அவ்விருவரையும் ஒரே உடலாகப் பிணைத்தது ஏற்றப்பாட்டு. அப்பாட்டினுள் எண்ணும் கோக்கப்பட்டிருக்கும். இறைத்த சால் எத்தனை என்பதைப் பாட்டே சொல்லிவிடும்! தாளம், கணக்கு, களைப்பாற்றல் ஆகிய மூன்றையும் ஒரே பாட்டால் முடித்த அறிவை என்னென்பது! ஏற்றக்காரன் பாடிய ஓரடியைக் கேட்ட கம்பர், அடுத்த அடி எவ்வாறு அமையுமோ என்று காத்துக்கிடந்தார் என வழங்கும் கதை மெய்யோ பொய்யோ, அப்பாட்டின்பால் தமிழ் மக்கள் வைத்திருந்த மதிப்பு மெய்.

ஒரே உரலில் இருவர் மாறி மாறிக் குற்றும்போது உலக்கையும் உலக்கையும் மோதாமற் காத்தது வள்ளைப்பாட்டு. சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் அவ்வள்ளைப்பாட்டும், பந்தாடுவார்க்கும் ஊசலாடுவார்க்கும் உரிய வரிப்பாட்டுகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. தொல்காப்பியர் செய்யுளியலில் வகுத்த இருபது வண்ணங்களுள் தூங்கல், ஏந்தல், உருட்டு, முடுகு என்னும் பெயர்களைக் கேட்ட அளவிலேயே, எது உடலைத் தளர்த்தற்கு ஆவது, எது ஓட்டத்திற்கு ஆவது என்பது புலப்படவில்லையா?

இனி, நகைப்பார் கூற்றின் மறுபாதிக்கு வருவோம். பயிற்சிக்கு ஊக்கம் தரும் இசையின் கூறுகள் நான்கு என்று கராகியார்கிசு குழுவினர் 1999-இல் வகுத்தனர். தாளத்திற்கு உடல் இசைதல் ஒன்று. இசையின் இனிமை இரண்டு. கேட்பவரின் பண்பாட்டில் அவ்விசைக்குள்ள இடம் மூன்று. அது கிளறும் நினைவுகள் நான்கு. முன்னிரண்டிற்கு மொழி வேண்டுவதில்லை. பின்னிரண்டும் எங்கே வாழ்கின்றன? தாய்ப்பாலோடு வந்த மொழியிலும் ஊர்த்திருவிழாவின் முழக்கத்திலும் அன்றோ! அவற்றைப் பயன்கொள்ளாத பயிற்சி, மண்வெட்டியிருக்கக் கைந்நகத்தால் மண்ணைக் கீறுவது போன்றது.

உடலை இயக்கும் ஒலி யாருடைய மொழியில் இருத்தல் வேண்டும் என்பது நமக்குப் புதிய சிக்கலுமன்று. என்.சி.சி. எனப்பெறும் மாணவர் படையில் 'சாவ்தான்', 'விசிராம்' என்னும் இந்தி ஏவற்சொற்களை நீக்குதல் வேண்டும் என்பது, 1968-ஆம் ஆண்டு மாணவர் கிளர்ச்சியின் கோரிக்கைகளுள் ஒன்று. காலடி ஓசைக்கும் மொழியுண்டு என்பதை அன்றைய மாணவர் உணர்ந்திருந்தனர். இற்றை இளைஞரோ, கட்டணமும் செலுத்தி அயன்மொழி ஒலியைத் தம் செவியிற் கொட்டிக்கொள்கின்றனர்.

பழியை முழுவதும் அயலார் மேலேயே சுமத்தவும் நாம் உடன்படோம். ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய பறையைக் கருப்பொருள்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் வைத்தது. நாமோ அதனைச் சாவு வீட்டிற்கென ஒதுக்கி, அடிப்பவனையும் சேரியில் ஒதுக்கினோம். நடைக்கும் ஓட்டத்திற்கும் அதனினும் இசைந்த கருவி உண்டோ? சாதியழுக்கு நீங்காத நெஞ்சோடு தமிழிசை பேசுவார்க்கு இவ்விடத்தில் நா எழாது.

பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர்கள் இதை வரும் கல்வியாண்டிலேயே செய்து காட்டலாம். காலைப் பயிற்சிக்கு ஒலிபெருக்கி வேண்டா. ஒரு பறை, ஒரு மாணவன் போதும். உடலைப் பதப்படுத்துகையில் மெல்லடி, முதன்மைப் பயிற்சியில் மணித்துளிக்கு 120 அளவில் அடி, முடிவில் தாழ்ந்து தாழ்ந்து ஓய்வு; ஏவற்சொற்கள் யாவும் தமிழில். கூடம் நடத்தும் தமிழன்பர்கள், சிலம்பாட்ட முழக்கத்தையும் ஒயிலாட்டப் பாட்டையும் பதிவு செய்து ஒலிக்கலாம்.

இதனினும் விரைந்து செய்ய வேண்டுவது வேறொன்று. மின்விசைக் குழாய்கள் வந்தபின் ஏற்றம் மறைந்தது. துலாமீது நடந்தவருள் இன்று எஞ்சியிருப்போர் முதியோர் மிகச் சிலரே. உங்கள் ஊரில் அத்தகையார் ஒருவர் இருப்பின், இக்கிழமையே அவரிடம் செல்லுங்கள். பாட்டின் சொற்களை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பாடும்போது அவர் கால் எப்போது எழுகின்றது, எந்த அசையில் மூச்சு வாங்குகின்றார், மணித்துளிக்கு எத்தனை அடி வருகின்றது என்பவற்றையும் கணக்கெடுத்து, ஒலிப்பதிவோடு இவ்விதழுக்கு எழுதியனுப்புங்கள்.